மூச்சு வாங்கிய இடத்தில் ஒரு கோடு

பஃபலோ ரோடு, சிங்கப்பூர்
8 செப்டம்பர் 2024

அன்பு மகள் தாரணிக்கு, உன் பெரியப்பன் சேதுபதி வாயால் சொல்ல, பக்கத்து வீட்டு ஜமால் கையால் எழுதுகிற கடிதம். / நான் இங்கே சுகம், நீ அந்தக் குளிர் தேசத்தில் சுகமாக இருக்க வீரமாகாளி கூடவே நிற்பாள். /

போன வாரம் போனில் கேட்டாயே, ஏன் பெரியப்பா இப்படி மூச்சு வாங்குதுன்னு. / ஒன்றுமில்லை, லிஃப்ட் பழுது, தேக்கா மார்க்கெட்டிலிருந்து படியேறி வந்த நேரத்தில் நீ கூப்பிட்டாய். / இனிமேல் போன் வேண்டாம்மா, காது மந்தமாகிவிட்டது, நீ பேசுவது டப்பாவுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கேட்கிறது. / ஜமால் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறான், எழுதட்டும், அவனுக்கும் பொழுது போகும். / 'யாருடா சும்மா உட்கார்ந்திருக்கா' என்று முறைக்கிறான், இதையும் எழுது ஜமால், எழுது. /

நீ என்ன படிக்கப் போயிருக்கிறாய் என்று கீழே கோப்பிக் கடையில் கேட்கிறார்கள். / டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை, மூச்சு விட முடியாதவனுக்குப் பக்கத்தில் நின்று மூச்சு விட வைக்கிற படிப்பு என்றேன். / 'மூச்சு விடறதுக்கெல்லாம் ஒரு படிப்பா லா' என்று சிரித்தார்கள். / எனக்குச் சிரிப்பு வரவில்லை, உங்கப்பன் சுரேந்தர் கட்டிலில் கிடந்தபோது அந்த வேலையைக் கண்ணால் பார்த்தவன் நான். / அதைப் பிறகு ஒருநாள் சொல்கிறேன். /

ஒன்றை மட்டும் மனசில் வை, உங்கப்பனைப் பார்த்துக்கொள்ள நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டாய், அது ஒருதரம் போதும். / இதை எதற்காகவும் விடக்கூடாது, யாருக்காகவும் விடக்கூடாது. /

இப்படிக்கு, கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல் வைக்கும் பெரியப்பன்.

தாரணிக்கு ஜமால் மாமா எழுதிக்கொள்வது: வரிக்கு நடுவே சாய்ந்த கோடுகளைப் பார்த்துக் குழம்பாதேம்மா. காலமெல்லாம் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்த பழக்கம். எங்கே நிறுத்தி மூச்சு எடுக்கவேண்டும் என்று ஓதலில் குறி உண்டு. அந்த இடங்களைப் பிள்ளைகளுக்குப் பென்சிலால் கோடு இழுத்துக் காட்டியே பழகிய கை இது. யார் சொல்ல எழுதினாலும், அவர் மூச்சு எடுக்கிற இடத்தில் தானாக ஒரு கோடு விழுகிறது. விடப் பார்த்தேன், எழுத்தே ஓடவில்லை. துஆவுடன்.

வின்னிபெக், கனடா
30 செப்டம்பர் 2024

அன்புள்ள பெரியப்பாவுக்கும் ஜமால் மாமாவுக்கும்,

நான் நலம். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். மாமா, உங்கள் கோடுகள் எனக்குப் பிடித்திருக்கின்றன. படிக்கும்போது பெரியப்பா எதிரே உட்கார்ந்து பேசுகிற மாதிரியே இருக்கிறது.

இங்கே முதல் பாடம் காதுக்குத்தான். ஒருவர் முதுகில் ஒருவர் ஸ்டெத்தாஸ்கோப் வைத்துக் கேட்டோம். மழைக்கு முன்னால் ஜாலான் புசார் மரங்களுக்குள் ஒரு காற்று நுழையுமே, அந்தச் சத்தம். சும்மா நின்றுகொண்டிருக்கிற ஒரு பெண்ணுக்குள்ளே! இருபத்தைந்து வயது வரைக்கும் இது எனக்குள் நடப்பது தெரியாமலே இருந்திருக்கிறேன்.

நேற்று ஒரு தட்டில் ஆட்டின் நுரையீரல் வைத்தார்கள். பிழிந்துபோட்ட துணி மாதிரி, கறுத்த சிவப்பு. ஆசிரியை மூச்சுக்குழாயில் ஒரு குழாயைச் செருகி மெல்லக் காற்றை விட்டார். பெரியப்பா, அது எழுந்தது. ஓரத்திலிருந்து ரோஜா நிறம் பரவிக்கொண்டே வந்தது. மனிதனுடையதைப் பிரித்து விரித்தால் கிட்டத்தட்ட ஒரு பூப்பந்துத் திடல் அளவு வருமாம். தேக்காவில் கொக்கியில் தொங்கும்போது 'ச்சீ' என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப்போனவள் நான்.

காதைப் பாலிகிளினிக்கில் காட்டுங்கள். உங்கள் குரல் இல்லாத ஞாயிற்றுக்கிழமை என்னவோபோல் இருக்கிறது.

அன்புடன், தாரணி

பஃபலோ ரோடு
24 அக்டோபர் 2024

அன்பு மகள் தாரணிக்குப் பெரியப்பன் ஆசீர்வாதம். / இங்கே யாருக்கும் ஒரு குறையும் இல்லை, / சிராங்கூன் ரோட்டில் தீபாவளி விளக்குப் போட்டாயிற்று. /

உன் கடிதத்தை ஜமால் வாசித்த மறுநாள் / கீழே கறிக்கடையில் நுரையீரல் கேட்டேன். / கடைக்காரன் 'என்ன தாத்தா, பூனை வளர்க்கிறீங்களா' என்றான். / 'இல்லடா, காலேஜ் நடத்துறேன்' என்றேன். / வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவித் தட்டில் வைத்தோம். / மீன் தொட்டி ரப்பர் குழாயைச் செருகி ஜமால் ஊதினான். / முதலில் புஸ்ஸென்று போயிற்று, கத்தி பட்ட ஓட்டை. / அதை விரலால் நான் அடைத்துக்கொண்டேன், அவன் மறுபடி ஊதினான். / நீ சொன்னது பொய்யில்லை. /

என் விரலுக்கடியில் அது எழுந்து வந்தது தாரணி. / செத்த ஆடு, வெந்து குழம்பாகப் போகவேண்டியது, / காற்று வந்ததும் நான் இன்னும் இருக்கிறேன் என்கிற மாதிரி நிமிர்ந்தது. / நாங்கள் இரண்டு கிழவன்களும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். / ஜமால் ஏதோ ஓதினான், / நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். /

நீயும் ஊது என்றான். / எனக்கெதுக்கு அவன் எச்சில், வேண்டாமென்றுவிட்டேன். /

காது பரவாயில்லை. போன்தான் சரியில்லை. / படிப்பைப் பார். /

கட்டைவிரல் வைத்தது, பெரியப்பன்.

வின்னிபெக்
2 டிசம்பர் 2024

அன்புள்ள பெரியப்பா, ஜமால் மாமா,

இருவரும் ஆரோக்கியம் என்று நினைக்கிறேன். உங்கள் காலேஜ் கதையை வகுப்பில் சொன்னேன். ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

இங்கே பனி விழுந்துவிட்டது. பஸ்ஸுக்கு நிற்கிற எல்லாருடைய மூச்சும் கண்ணுக்குத் தெரிகிறது. கிழவி விடுவது மெல்லியதாக, பையன் விடுவது குப்பென்று, குழந்தை விடுவது பொட்டுப்பொட்டாக. நம் ஊரில் இது நடந்துகொண்டேதான் இருக்கிறது, வெயில் மறைத்துவிடுகிறது.

போன வாரம் முதன்முறையாகக் குறைமாதக் குழந்தைகள் பிரிவு. என் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பெண் குழந்தை. நுரையீரல் உள்ளே ஈரக் காகிதம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு உள்ளே போயிற்று. ஒரு மருந்து இருக்கிறது, பால் மாதிரி வெள்ளை. மெல்லிய குழாயில் சில சொட்டுகளை நேராக நுரையீரலுக்குள் விட்டார்கள். என்னிடம் காற்றுப் பையைக் கொடுத்து, 'இரண்டு விரலால் மட்டும் அழுத்து' என்றார்கள். அழுத்தினேன். முதலில் கல். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக என் விரலுக்கடியில் அந்தப் பை இளகியது. உள்ளே கதவு திறந்ததை விரலால் கேட்டேன் பெரியப்பா. கருநீல உதடு சிவந்தது.

வெளியே வந்து, கழிவறையில் நின்று அழுதேன். சந்தோஷமா பயமா தெரியவில்லை.

அன்புடன், தாரணி

பஃபலோ ரோடு
27 டிசம்பர் 2024

மகள் தாரணிக்கு, / இங்கே எல்லாரும் நலம். / மழை விடாமல் பெய்கிறது, / அதனால் கோப்பிக் கடைக்கு / இப்போது இறங்குவதில்லை. /

அந்தக் குழந்தை கதையை / ஜமாலை இரண்டுதரம் வாசிக்கச் சொன்னேன். / மூன்றாம் தரம் / 'டேய், உனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே' என்றான். / ஆமாம், மனப்பாடம்தான். / இரண்டு விரலால் அழுத்தினாய், / முதலில் கல், / பிறகு இளகியது. / உட்கார்ந்திருக்கும்போது / என் விரலை நானே பார்த்துக்கொள்கிறேன். / இதே விரல்தானே மனுஷனுக்கு, / எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு / இதில் சாமி வந்து உட்கார்ந்ததே. /

அவள் பெயர் என்ன? / வீட்டுக்குப் போனாளா? / எழுது. /

பெரியப்பன்.

வின்னிபெக்
22 ஜனவரி 2025

அன்புள்ள பெரியப்பா, மாமா,

பொங்கல் வாழ்த்துகள். நான் நலம். உங்கள் கடிதம் சின்னதாகப் போய்விட்டதே, என்மேல் கோபமா? குழந்தையின் பெயரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ஆனால் வீட்டுக்குப் போனாள், கூடையில் படுத்துக்கொண்டு, கொட்டாவி விட்டபடி.

இப்போது பெரியவர்கள் வார்டு. மெஷினைப் பார்க்குமுன் ஆளைப் பார் என்கிறார்கள். அதிலும் பேச்சைக் கேள் என்கிறார்கள். நன்றாக இருக்கிற ஆள் ஒரு மூச்சில் முழு வாக்கியம் பேசுவார். நுரையீரல் தளரத் தளர அது பாதியாகும், பிறகு இரண்டு மூன்று சொல்லாகும். ஆள் சிரித்துக்கொண்டே 'எனக்கொன்றுமில்லை' என்பார், அதையே இரண்டு மூச்சாகச் சொல்வார். வாய் மறைப்பதை மூச்சு மறைக்காது.

எனக்கு நீங்கள் ஒரு உதவி செய்யவேண்டும். குடும்பத்தில் மூத்த ஒருவர் வாழ்நாளெல்லாம் என்னென்ன காற்றில் வேலை செய்தார் என்று கேட்டு எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு நீங்கள்தானே. கப்பல் பட்டறையில் என்ன செய்தீர்கள்? நீங்கள் மறக்கிற ஆள் இல்லை. எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

அன்புடன், தாரணி

பஃபலோ ரோடு
14 பிப்ரவரி 2025

மகள் தாரணிக்கு, / ஆசீர்வாதம். / நாங்கள் / சுகம். / தைப்பூசம் / ஜன்னலிலிருந்தே / பார்த்தேன். / கூட்டம் அதிகம். /

பட்டறையைக் கேட்டாய். / பதினேழு வயசில் / சேர்ந்தேன். / கப்பல் வயிற்றுக்குள்ளே / எஞ்சின் அறை. / நீராவிக் குழாய்க்கு / வெள்ளைப் பஞ்சு / சுற்றுகிற வேலை. / பழசைப் பிய்ப்போம், / புதுசைச் சுற்றுவோம். / மேலே கதவு திறந்தால் / ஒரு கம்பி வெயில் விழும். / அதில் தூசி / தங்கம்போல் மிதக்கும். / அத்தனை அழகு / தாரணி. / வேலையை விட்டு / பார்த்துக்கொண்டு நிற்போம். /

அந்தப் பஞ்சை உருட்டி / ஒருத்தன்மேல் ஒருத்தன் / எறிவோம். / தலை வெள்ளையாகும். / 'ஏ கிழவா' என்று / கூப்பிட்டுக்கொள்வோம். / மீசை முளைக்காத / பயல்கள். / மூக்குக்குத் துணி / யாரும் சொல்லவில்லை. /

அவர்கள் / யாரும் இல்லை இப்போது. / வயசுதான். / வேறென்ன. /

போதுமா உன் / பாடத்துக்கு? /

பெரியப்பன்.

வின்னிபெக்
5 மார்ச் 2025

பெரியப்பா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் தரையில் வரிசையாகப் பரப்பி வைத்திருக்கிறேன். செப்டம்பரில் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு முழு வாக்கியம். தீபாவளிக்குப் பாதி வாக்கியம். இந்தக் கடிதத்தில் 'நாங்கள்', ஒரு கோடு, 'சுகம்', ஒரு கோடு.

மூச்சு எனக்குக் கேட்டுவிடும் என்றுதானே போனை நிறுத்தினீர்கள்? உங்கள் காதுக்கு ஒன்றுமில்லை. நுரையீரலை ஊதமாட்டேன் என்றது ஜமால் மாமாவின் எச்சிலுக்காக இல்லை. கோப்பிக் கடைக்கு இறங்காதது மழைக்காக இல்லை.

அந்த வெள்ளைப் பஞ்சு ஆஸ்பெஸ்டாஸ். உள்ளே போனால் வெளியே வராது. வருஷக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு நுரையீரலை மெல்ல மெல்ல இறுக்கும். இதைத்தான் வகுப்பில் படித்துக்கொண்டிருக்கிறேன், உங்கள் கடிதம் பையில் இருக்கும்போதே.

மாமா, நீங்கள் பக்கத்தில் இருந்தும் ஏன் ஒரு வார்த்தை எழுதவில்லை?

போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். கூப்பிட்டால் லிஃப்ட் பழுது என்பீர்கள். ஏப்ரல் முதல் வாரம் டிக்கெட் போட்டிருக்கிறேன். பரீட்சை அப்புறம். கல்லூரி நடுவில் விட்டவளைத் திரும்பச் சேர்க்குமா தெரியாது. பரவாயில்லை. அப்பாவுக்கு வந்தேன், உங்களுக்கு வரமாட்டேனா?

தாரணி

பஃபலோ ரோடு
18 மார்ச் 2025

தாரணிக்கு ஜமால் மாமா எழுதுவது. முதலில் என் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். நோயைப் பற்றி ஒரு சொல்லும் எழுதமாட்டேன் என்று சேது என்னிடம் சத்தியம் வாங்கினான். ஆஸ்பத்திரியில் அவனுக்கு நோயின் பெயரைச் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. 'பேச்சைக் கேள்' என்று நீ எழுதியதை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். கோடு போடாமல் விட்டால் உனக்குத் தெரியாது என்று அப்போது எனக்குப் புரிந்தது. பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். ஒரு கோட்டையும் விடவில்லை. சொல்தானே எழுதக்கூடாது என்றான்.

உன் கடிதத்தை வாசித்ததும் 'துரோகி' என்று என் மேல் தலையணையை எறிந்தான். அது பாதி வழியில் விழுந்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். இனி அவன் பேச்சு.

தாரணி, / வராதே. / உங்கப்பன் கதையைச் / சொல்கிறேன் என்றேனே, / இப்போது சொல்கிறேன். /

நீ பொங்கோல் வீட்டுக்குக் / குளிக்கப் போயிருந்தாய். / ஒரு பெண் வந்தாள், / உன் உயரம்தான். / மெஷினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் / குறைத்தாள். / உங்கப்பன் நெஞ்சில் / கை வைத்து / அவன் இழுக்கும்போது / இழுத்தாள், / விடும்போது விட்டாள். / பிறகு வாயிலிருந்து / குழாயை எடுத்தாள். / இருமினான். / கண்ணைத் திறந்து / என்னைப் பார்த்து, / 'அண்ணே, / கோப்பி இருக்கா' என்றான். /

மறுநாள் போய்விட்டான். / ஆனால் அந்தப் பேச்சு / எனக்குக் கிடைத்தது. / நான் அந்தப் பெண் / காலைத் தொடப் போனேன். / பதறித் தடுத்தாள். / பிலிப்பீன்ஸ், / செபுவிலிருந்து வந்தவள். / அவள் அப்பாவும் / ஊரில் படுக்கையில்தான் / என்றாள், / கண்ணை மெஷினிலிருந்து / எடுக்காமல். / அன்றைக்கு அவள் / அவர்கிட்டே போயிருந்தால் / என்னிடம் என் தம்பி / பேசியிருக்க மாட்டான். /

உன் விரலுக்காக / அங்கே ஒரு பிள்ளை / காத்துக்கொண்டிருக்கும். / இருந்து முடி. / எனக்கு இங்கே / யாராவது வருவார்கள். / வந்தே தீருவார்கள். /

வின்னிபெக்
6 ஏப்ரல் 2025

அன்புள்ள பெரியப்பா,

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். மூன்று நாள் உங்கள்மேல் கோபமாக இருந்தேன். அப்பா கோப்பி கேட்டதை இத்தனை வருஷம் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தீர்களே என்று. பிறகு புரிந்தது, இதற்காகத்தான் பத்திரமாக வைத்திருந்தீர்கள் போல.

நேற்று என் கையால் முதல் குழாயை எடுத்தேன். லாரி ஓட்டுகிற பெரியவர். அவர் நெஞ்சில் கை வைத்து, அவர் இழுக்கும்போது இழுத்தேன், விடும்போது விட்டேன். அதை எனக்கு யாரும் வகுப்பில் சொல்லித்தரவில்லை. அவர் பேசிய முதல் வார்த்தையைக் கடிதத்தில் எழுத முடியாது, அவ்வளவு கெட்ட வார்த்தை. அவர் மனைவி ஓடிவந்து அந்த வாயிலேயே முத்தம் கொடுத்தார்.

உண்மையைச் சொல்கிறேன், உங்கள் நோய் குணமாகாது. ஆனால் இருக்கிற காற்றைச் சிக்கனமாகச் செலவழிக்கப் பழகலாம். ஆஸ்பத்திரியில் பயிற்சி வகுப்பு உண்டு. மாமா கூட்டிப்போகட்டும். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, கோப்பியை ஆற்றுகிற மாதிரி மெல்ல வெளியே விடுங்கள். ஞாயிறு போன் வேண்டும். கடிதமும் வேண்டும், கோட்டோடு.

ஒரு விளையாட்டு. உட்கார்ந்த இடத்திலேயே, மனசுக்குள் லிட்டில் இந்தியாவில் எம்.ஆர்.டி. ஏறுங்கள். எங்கள் பொங்கோல் வீட்டுப் பக்கம் போகிற ரயில். ஒரே மூச்சில் நிறுத்தங்களைச் சொல்லிக்கொண்டே போங்கள். எங்கே மூச்சு முடிகிறதோ அங்கே இறங்கிவிடலாம். எந்த நிறுத்தம் என்று எழுதுங்கள்.

உங்கள் தாரணி

பஃபலோ ரோடு
20 ஜூலை 2025

அன்பு மகள் தாரணிக்கு, பெரியப்பன் ஆசீர்வாதம். / நீ பாஸான செய்தியை / போனில் கேட்டதிலிருந்து ஜமால் / கீழே எல்லாருக்கும் கோப்பி வாங்கிக்கொடுக்கிறான். / நான் சுகம் என்று சொல்லமாட்டேன், / இருக்கிறேன். / மூக்கில் குழாய், மூலையில் / ஆக்ஸிஜன் மெஷின், / பூனை மாதிரி உறுமிக்கொண்டு கிடக்கிறது. /

வாரத்துக்கு இரண்டு நாள் பயிற்சி. / சொல்லித்தருகிற பெண் மணிலாக்காரி. / எங்கிருந்து வந்தாய் என்று கேட்டேன், / வீட்டில் யாரை விட்டு வந்தாய் / என்று கேட்கவில்லை. / போகும்போது அவளுக்கு / முறுக்கு கொண்டுபோகிறேன். /

ஜமாலிடம் அந்தக் கோட்டைக் காட்டச் சொன்னேன். / பழைய கடிதத்தை நீ படமெடுத்து அனுப்பியிருந்தாயே, / அதில் விரல் வைத்துக் காட்டினான். / எனக்கு எழுத்துத் தெரியாது, / ஆனால் கோடு தெரிந்தது. / இங்கே அகலம், இங்கே நெருக்கம். / இந்த வயசில் / நான் படித்த முதல் எழுத்து / என் மூச்சுதான் தாரணி. / யாருக்குக் கிடைக்கும் இது. /

இப்போது ரயில். / ஏப்ரலில் ஃபேரர் பார்க்கிலேயே இறங்கினேன். / போன மாதம் பொத்தோங் பாசிர். / ஜமால் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறான், 'ஏய்க்காம சொல்லுடா' என்கிறான். / மூக்கால் இழுத்துக்கொண்டேன். /

லிட்டில் இந்தியா ஃபேரர் பார்க் பூன் கெங் பொத்தோங் பாசிர் உட்லீ சிராங்கூன் கோவன் / ஹவ்காங் புவாங்கோக் செங்காங் / பொங்கோல்.

ஒரே ரயிலில் வரமுடியவில்லை, நடுவில் இறங்கி ஏறினேன். / உன் வீட்டு வாசலில் நிற்கிறேன். / நீ மெதுவாகவே வா. /

கட்டைவிரல் வைத்தது, பெரியப்பன்.